நோன்பு மாலைக்குக் குச்சி ஆப்பிள்: சீனியா, வெல்லமா, கருப்பட்டியா?

சென்ற மார்கழியில் பிள்ளையார் நோன்பன்று எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் எறும்புகளுக்குத்தான் விருந்து. மாலை நான்கு மணிக்கு வெல்லப் பாகில் முக்கி, மங்குத் தட்டுகளில் வரிசையாக நிறுத்திவைத்த 16 ஆப்பிள்களும், இழை எடுத்து முடித்துப் பிள்ளைகள் ஓடிவந்த ஏழரை மணிக்குள் வியர்த்து வழிந்து குளம் கட்டி நின்றன. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் தம்பி மகள் ஆசையாக ஒரு குச்சியைப் பிடித்துத் தூக்கினாள். குச்சி வந்தது; ஆப்பிள் வரவில்லை. "பெரியப்பா, இது அழுகிறது" என்றாள்.

தூணோரம் உட்கார்ந்திருந்த அப்பத்தா சிரிக்கவில்லை. "கடலையும் காய்ந்த பண்டம், பொரியும் காய்ந்த பண்டம். அதற்குக் காய்ச்சுகிற பாகை ஈரப் பழத்தில் ஊற்றினால் நிற்குமா?" என்று மட்டும் கேட்டார். ஆண்டு முழுவதும் அந்தக் கேள்வி மனத்தில் கிடந்தது. இந்தக் கார்த்திகை மாதத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு விதப் பாகு காய்ச்சி, இரண்டிரண்டு ஆப்பிளை முக்கி, மூன்று மணி நேரம் வெளியில் வைத்துப் பார்த்தேன். நோன்புக்கு எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்காகத்தான்.

நோன்பு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் கணக்கு. சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற மாலையில், 21 நூலிழையால் திரித்த திரியை வெல்லம் சேர்த்துப் பிசைந்த அரிசி மாவில் வைத்துச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது நகரத்தார் வழக்கம்; இழை எடுப்பது என்பது இதுதான். எந்த நாட்டில் இருந்தாலும் விடமாட்டார்கள். படையலில் ஆப்பிளுக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் அன்று மாலை வீட்டில் ஒரு பட்டாளமே கூடுகிறது. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் கடைகளில் பார்த்த சிவப்பு ஆப்பிளைக் கேட்கிறார்கள். கேட்டதைச் செய்துகொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. கடைச் சாயத்தையும் ஆலையில் செய்த குளுக்கோஸ் பாகையும் சேர்ப்பதில்தான் மறுப்பு.

இந்தப் பண்டம் நம் ஊருடையது அன்று. இங்கிலாந்தில் ஆப்பிள் அறுவடை முடிந்த குளிரில், நவம்பர் 5 அன்று சொக்கப்பனை போலத் தீ மூட்டிக் கொண்டாடும் இரவில் தின்பது. 1605-இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த சதி முறிந்ததன் நினைவு அந்த நாள். அமெரிக்காவில் பளபளக்கும் சிவப்பு வகையை 1908-இல் நெவார்க் நகரத்து மிட்டாய்க்காரர் வில்லியம் கோல்ப் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். இரண்டுமே குளிர்ந்து கிடக்கிற இடங்கள். நமக்கோ வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிற மார்கழி. அவர்கள் குறிப்பை அப்படியே எடுத்தால் நம் காற்று அதை ஏற்காது. எனவே எந்த இனிப்பு நல்லது என்று கேட்பதைவிட, எந்த இனிப்பு நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை நிற்கும் என்று கேட்பதே சரி.

இங்கே பதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொரி உருண்டைக்கு எடுக்கிற கெட்டி உருண்டைப் பதம் ஏறக்குறைய 120 டிகிரியைத் தாண்டியதும் வரும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் ணங்கென்று கேட்கும். அந்தப் பாகில் இன்னும் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு தண்ணீர் இருக்கிறது. பொரியில் கலந்தால் பொரி அதைக் குடித்துக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. ஆப்பிளோ தன் எடையில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீரை வைத்துக்கொண்டு உள்ளிருந்து கசியவிடுகிறது. வெளியிலிருந்து மழைக்காற்று ஈரத்தைக் கொடுக்கிறது. இரண்டு பக்கமும் அடி வாங்குகிற பாகு இளகத்தானே செய்யும்? ஆப்பிளுக்கு வேண்டியது அதற்கும் மேலே, 146 முதல் 154 டிகிரிக்குள் வருகிற நொறுங்கு பதம். அப்போது பாகில் தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீரில் விட்ட சொட்டு வளையாது. விரலால் ஒடித்தால் கண்ணாடி போல உடையும், பல்லில் ஒட்டாது. அடுப்பு வெப்பமானி இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் இல்லை, கிண்ணத் தண்ணீர்தான்.

முதல் ஞாயிறு வெல்லம். போன ஆண்டுத் தோல்விக்குக் காரணம் பதம் குறைவா, வெல்லமேதானா என்று தெரிய வேண்டியிருந்தது. இரண்டும்தான். வெல்லத்தில் சுக்ரோஸ் என்கிற கரும்புச் சர்க்கரையோடு, அது பிளந்து உண்டான குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கணிசமாக இருக்கின்றன. ஃபிரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதில் கெட்டிக்காரச் சரக்கு. மழைக்காலத்தில் அச்சுவெல்லம் டப்பாவுக்குள்ளேயே கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். மனகோலம் என்கிற செட்டிநாட்டுப் பலகாரத்துக்கு எடுப்பதைவிட முறுக்கான பதத்துக்கு ஏற்றிப் பார்த்தேன். ஏறியது, ஆனால் நொறுங்கு பதம் வருவதற்கும் அடி பிடித்துக் கசப்பதற்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்தான். தப்பித்த இரண்டு ஆப்பிளும் ஒரு மணி நேரம் மொறுமொறுவென்று இருந்தன. இரண்டாம் மணியில் மேலே பனி பூத்தது. மூன்றாம் மணியில் விரலில் நூல் இழுத்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்கலாம். உள்ளே இருப்பது வறுத்த கடலை, வெளியே இருப்பது காற்றுப் புகாத உறை. ஆப்பிளுக்கு அந்த இரண்டு வசதியும் கிடையாது.

வெல்லத்தின் இன்னொரு குறையைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பளிச்சென்ற மஞ்சள் வெல்லம் அந்த நிறத்தோடு பிறப்பதில்லை. வெளுப்பதற்கு ஹைட்ராஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுகிற கொட்டகைகள் உண்டு. கரும்பழுப்பாக, பார்க்கச் சுமாராக இருப்பதை வாங்குவதே மேல். சீனியும் யோக்கியமில்லை. நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் கந்தகப் புகையால்தான் சாற்றைத் தெளியவைத்து வெளுக்கின்றன. உடம்புக்கு எது நல்லது என்கிற வாதத்தில் நான் இறங்கப்போவதில்லை. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது, உண்மைதான்; ஆனால் சர்க்கரை நோய்க்காரருக்குச் சீனியோடு சேர்த்து மூன்றுமே ஒன்றுதான். வெல்லம் என்பதற்காக ஒரு ஆப்பிளுக்கு இரண்டாகத் தின்னும் மாமன்களை நான் அறிவேன்.

கருப்பட்டியை நம்பித்தான் இரண்டாம் ஞாயிறு விடிந்தது. எனக்குப் பனைமேல் பாசம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருகிற வட்டுக் கருப்பட்டியை உடைத்தாலே வீடு மணக்கும். இங்கிலாந்தின் வடபகுதியில் அதே நவம்பர் 5-க்குக் கரும்புக் கசண்டில் காய்ச்சிய கறுத்த, கொஞ்சம் கசக்கிற மிட்டாயைத் தின்கிறார்கள்; அதற்கு நம் பக்கத்து ஒன்றுவிட்ட உறவு கருப்பட்டிப் பாகு. ருசியில் நான் காய்ச்சிய பாகுகளில் இதுவே முதல். பச்சை ஆப்பிளின் புளிப்போடு சேர்ந்தபோது நானே ஒன்றை முழுதாகத் தின்றுவிட்டு, சோதனைக்கு ஒன்றைத்தான் மிச்சம் வைத்தேன்.

வேலைதான் அதிகம். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவிய சுண்ணாம்பு, ஓலைத் தூசி, மணல் எல்லாம் கருப்பட்டியில் இருக்கும். தட்டிப் போட்டு, தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். பொங்கும், அதுவும் சொல்லாமல் பொங்கும். பாத்திரத்தில் கால் பங்குக்குமேல் ஊற்றக் கூடாது. நிறம் முதலிலிருந்தே கறுப்பு என்பதால் பாகு கருகுகிறதா என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. மூக்கைத்தான் நம்ப வேண்டும். இத்தனைக்கும் பிறகு அது நின்ற நேரம் வெல்லத்தைவிட அரைமணிதான் கூடுதல். ஆப்பிளின் சிவப்பும் முழுதாக மறைந்துபோனது. "இது என்ன, உருளைக்கிழங்கா?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்.

தேனைப் பற்றி ஒரே பத்தி போதும். தேனில் ஃபிரக்டோஸ்தான் அதிகம், அதனால் அது எந்தப் பதத்துக்கு ஏற்றினாலும் ஆறியபின் பிசுபிசுக்கும். கொதியில் வாசனையும் போய்விடும். நல்ல தேனை வீணாக்க வேண்டாம்.

மூன்றாம் ஞாயிறு சீனி. இயற்கை என்று பேசிக்கொண்டு சீனியை எடுக்கலாமா என்று எனக்கே கொஞ்சம் கூச்சம். ஆனால் பாகு காய்ச்சுகிறவனுக்குச் சீனியிடம் ஒரு மரியாதை வந்தே தீரும்: சொன்னபடி கேட்கிறது. ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ் என்பதால் 150 டிகிரியிலும் தெளிந்தே நிற்கிறது. கருகத் தொடங்க இன்னும் இடம் இருக்கிறது. அதன் ஒரே குறும்பு, கரையாத ஒரு சீனி மணி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பாகு முழுவதும் பூத்து வெண்மணலாகிவிடும். கடைக்காரர்கள் குளுக்கோஸ் பாகு ஊற்றுவது இதைத் தடுக்கத்தான். நமக்கு அரை எலுமிச்சம்பழம் போதும். அதன் புளிப்பு சீனியில் ஒரு பகுதியைப் பிளந்துவிடுவதால், மீதி கூடிப் பூக்க முடிவதில்லை. அளவு மிஞ்சினால் வெல்லத்தின் கதைதான், ஈரம் இழுக்கும். எட்டுச் சிறிய ஆப்பிளுக்கு 400 கிராம் சீனி, 150 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கரைகிற வரை கிளறலாம். கொதி வந்தபின் கரண்டியைத் தொடவே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்த மணிகளை நனைத்த துணியால் வழித்துவிட வேண்டும். இதற்கு இருப்புச்சட்டி வேண்டாம், கறுப்பில் நிறம் தெரியாது. அடிகனமான எவர்சில்வர் நல்லது.

சீனி ஆப்பிள் மூன்று மணி நேரம் கழித்தும் தட்டினால் சத்தம் கேட்டது. நான்காம் மணியில்தான் குச்சி குத்திய இடத்தில் லேசான கசிவு. பாகு தெளிவாக இருந்ததால் ஆப்பிளின் சொந்தச் சிவப்பே கண்ணாடிக்குள் வைத்த குங்குமம் மாதிரி தெரிந்தது. சாயத்தைப் பற்றி நான் பட்ட கவலையெல்லாம் அந்த நிமிடத்தில் தேவையற்றுப்போனது. அதற்கு முன்னால் பீட்ரூட் சாற்றை ஊற்றிப் பார்த்திருந்தேன். கொதிக்கும் பாகின் சூட்டை அந்த நிறம் தாங்குவதில்லை, மண் நிறத்துக்குப் போய்விட்டது. செம்பருத்தியும் ஏறக்குறைய அப்படித்தான். நல்ல சிவப்பு ஆப்பிளும் தெளிந்த பாகும் இருந்தால் சாயமே வேண்டாம். வெல்லம், கருப்பட்டி இரண்டிலும் இந்த வழி அடைபட்டுப்போகிறது.

குறை ருசியில். வெறும் தித்திப்பு, வேறொன்றும் இல்லை. "கண்ணாடி நன்றாக இருக்கிறது. மணம் எங்கே?" என்றார் அப்பத்தா. அவரே எழுந்துபோய் இருமலுக்கு வைத்திருந்த பனங்கற்கண்டு டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. காய்ச்சிய பதநீரை வாரக்கணக்கில் அசையாமல் விட்டு, மணிமணியாக உறையவைத்து எடுப்பதுதான் பனங்கற்கண்டு. படிகமாக உறையும்போது சுக்ரோஸ் தனியே திரள்கிறது; உறையாத சர்க்கரையும் கசடும் பெரும்பாலும் பாகோடு தங்கிவிடுகின்றன. அதாவது பிறப்பு பனை, நடத்தை சீனி. நான்காம் ஞாயிறு அதைப் பொடித்து, மேலே சொன்ன அதே அளவில் காய்ச்சினேன். இளம் தேன் நிறத்தில் பாகு வந்தது. ஆப்பிளின் சிவப்பு மறையவில்லை, கொஞ்சம் ஆழ்ந்தது. மூன்று மணி நேரம் நின்றது. கடித்தால் முதலில் கண்ணாடி உடையும் சத்தம், பிறகு பனையின் மணம்.

விலைதான் இடிக்கிறது. சீனியைப் போலப் பல மடங்கு. நிறமேற்றிய சீனிக் கற்கண்டையும் பனங்கற்கண்டு என்று விற்கிறார்கள். எல்லா மணியும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் மின்னினால் எனக்குச் சந்தேகம் வரும். அதில் ஏமாந்தால் சீனியைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியதாக ஆகும். ஆகவே பழக்கமான கடையில் கிடைக்கவில்லை என்றால் பேசாமல் சீனியே எடுங்கள். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பறிக்கிற ஆப்பிள் மார்கழியில் காரைக்குடித் தள்ளுவண்டிகளில் இன்னும் கிடைக்கும், ஆனால் குளிர்க்கிடங்கில் இருந்து வந்தது. கிழங்கு போல மாவாகிவிட்டதை எடுக்கக் கூடாது. ஒன்றை வாங்கி அங்கேயே கடித்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குவது என் பழக்கம். பெரிய ஆப்பிள் அழகுதான், ஆறு வயதுப் பிள்ளையின் வாய்க்கு எட்டாது. பாதி தின்று பாதி தூணில் ஒட்டும். 120 முதல் 150 கிராமுக்குள், புளிப்புக் கலந்த கெட்டிப் பழம் போதும். காலா என்ற பெயரில் வருகிற சின்ன ஆப்பிள் தோதாக இருக்கிறது.

ஆப்பிளே வேண்டாம், நம் பழம் இருக்கிறதே என்று என் தம்பி வாதிட்டான். செங்காய்க் கொய்யாவில் செய்து பார்த்தோம். ருசி அபாரம், ஆனால் தோல் மெல்லியது என்பதால் ஒரு மணி நேரத்திலேயே உள்ளீரம் மேலே வந்துவிட்டது. முக்கிய உடனே தின்பதென்றால் ஆப்பிளைவிடக் கொய்யாவுக்கே என் வாக்கு. இலந்தைப் பழம் சந்தைக்கு வரத் தொடங்கியிருந்தால், நான்கு நான்காக ஈர்க்கில் கோத்து முக்கலாம். சீனாவில் இதே மாதிரி ஒரு சிறு புளிப்புப் பழத்தைக் குச்சியில் கோத்துக் குளிர்காலத்தில் விற்கிறார்கள். கொட்டை இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.

எந்தப் பாகானாலும் பழத்தின் மேல் மெழுகு இருந்தால் ஒட்டாது. வண்டி ஆப்பிள் மின்னுவது பெரும்பாலும் மெழுகால். கொதிக்கும் தண்ணீரில் பத்து விநாடி முக்கி எடுத்து, சொரசொரப்பான துண்டால் அழுத்தித் துடைக்க வேண்டும். பிறகு மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே முக்கினால் மேலே வியர்த்த நீரில் பாகு கொப்புளித்து உரிந்துவிடும். காம்பைத் திருகி எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூங்கில் குச்சியைப் பாதிப் பழம் வரை இறக்கலாம். முக்கியபின் நெய் தடவிய தட்டில் குச்சி மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். வாழையிலை வேண்டாம், அந்தச் சூட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளை அடுப்பங்கரைக்குள் விடவே கூடாது. வெந்நீர் தெறித்தால் வழிந்துவிடும்; இந்தப் பாகு தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். பக்கத்தில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

முதல் நாளே செய்துவைத்துவிடலாமா என்று என் தங்கை கேட்டாள். வேண்டாம் என்பதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை. 2014-இல் அமெரிக்காவில் பொட்டலத்தில் விற்ற கேரமல் ஆப்பிளால் 35 பேர் லிஸ்டீரியா கிருமியால் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். குச்சி குத்திய காயத்தில் கசிகிற சாறு பாகுக்கும் தோலுக்கும் நடுவே தேங்கி, வெளியில் வைத்த பழத்தில் கிருமி பெருக இடம் கொடுக்கிறது. நான்கு மணிக்கு முக்கி, அன்று இரவே தின்று முடிப்பதுதான் என் கணக்கு. மிஞ்சினால் மிஞ்சியது போகட்டும்.

இந்த நோன்புக்குப் பிள்ளைகள் 14 பேர். அவர்களுக்கு 14 சின்னச் சிவப்பு ஆப்பிள். பனங்கற்கண்டும் சீனியும் பாதிப் பாதி. முழுப் பனங்கற்கண்டுக்கும் இதற்கும் ருசியில் பெரிய வேறுபாடு இல்லை, பணப்பையில் உண்டு. சீனி மட்டும் போட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரியப்போவதில்லை, எனக்குத் தெரியும். மழை பிடித்துக்கொண்டால் முக்குகிற நேரத்தை ஐந்தரைக்குத் தள்ளிவிடுவேன்.

கருப்பட்டியையும் விடவில்லை. பல் இல்லாத அப்பத்தாவுக்குக் கண்ணாடி உடைகிற சத்தம் எதற்கு? பச்சை ஆப்பிளை வட்டமாக நறுக்கி, பொரி உருண்டைப் பதத்துக்கும் ஒரு படி இளசாகக் கருப்பட்டிப் பாகு காய்ச்சி, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை தூவி, இழை எடுத்து வந்ததும் கிண்ணத்தில் சூடாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அவரிடம் சொன்னேன். "போன வருடம் வழிந்ததே, அதையும் ஒரு கிண்ணத்தில் பிடித்து எனக்குக் கொடுத்திருக்கலாம்" என்றார்.